பதிலுக்கு முந்திய பச்சை டிக்

பச்சை டிக் வந்துச்சு சார், எங் கண்ணால பாத்தேன் என்று அந்தப் பெண் போனில் சொன்ன மாத்திரத்தில் கோமதிநாயகம் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். அது பன்னிரண்டே முக்காலுக்கு. இப்போது மணி இரண்டு இருபது. டிபன் பாக்ஸில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது, மோர்மிளகாய் நமுத்துப் போய்விட்டது, திரையில் அவன் அடித்து வைத்த பதில் கடிதம் அனுப்பக் காத்திருக்கிறது. ஒரே வரி. 'மேற்படி பேச்சியம்மாள் பெயரில் எங்கள் சர்வரில் விண்ணப்பம் எதுவும் பதிவாகவில்லை.' இலவச டயாலிசிஸ் மையம் வைக்கும் அறக்கட்டளை கேட்டிருக்கிறது, நாலு மணிக்குள் இதை அனுப்பிவிடு என்று முதலாளி வின்சென்ட் சார் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். கடிதத்தில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. சர்வரை மூன்று தடவை துழாவிவிட்டான். பேச்சியம்மாள் இல்லை, பேச்சி என்று தேடினாலும் இல்லை, போன் செய்த பெண் சொன்ன தேதியில் அவள் போனிலிருந்து ஒரு ஈ காக்கை வந்து போன தடமும் இல்லை. தடம் எப்படி இருக்கும்? வந்து சேர்ந்திருந்தால்தானே. இங்கே வந்து சேரவில்லை என்று சர்வர் சாட்சி சொல்லும், அங்கே கிளம்பியதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? கிளம்பியது என்று சொல்ல உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருத்தி சந்தனமாரி, கடையநல்லூருக்கு மேற்கே மலையடிவாரத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள், அவளை யாரும் நம்பவில்லை. இன்னொருவன் பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் உட்கார்ந்து பிறருக்கு இணையப் பக்கங்கள் கட்டிக்கொடுக்கும் கோமதிநாயகம்.

எம் பேரு சந்தனமாரி சார், இது அந்த டயாலிசிஸ் ஃபாரத்துல போட்டிருந்த நம்பர்தான, என்றுதான் ஆரம்பித்தாள். உதவிக்கு என்று பக்கத்தின் அடியில் போட்ட எண்ணுக்குரிய போன் இவன் மேசையில்தான் கிடக்கும். யாரும் அதில் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் வேறு எங்கோ போட்டது தப்பி இங்கே வந்ததாக இருக்கும். சரி, ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று ஒரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டே எடுத்தான். "எங்க அத்தை பேச்சியம்மாளுக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு சார். வாரத்துல மூணு நாளு திருநவேலிக்குப் பஸ்ல கூட்டிட்டு வாரோம். பக்கத்துலயே இலவசமா மிசினு வைக்காவ, போன்லயே எழுதிப் போடலாம்னு சொன்னாவ. நான்தான் எழுதிப் போட்டேன். ஆதார் நம்பரு, ஆஸ்பத்திரி சீட்டு போட்டோ எல்லாம் ஏத்தி அமுக்கினேன். உடனே பச்சை டிக் வந்துச்சு சார், எங் கண்ணால பாத்தேன்." அந்த இடத்தில்தான் இவன் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தான். "லிஸ்டுல பேரு வரல. போய்க் கேட்டா இடமெல்லாம் முடிஞ்சிட்டு, உங்க பேர்ல ஃபாரமே வரலயேங்காவ. எங்க வீட்டுக்காரவுக என்னைய நம்பல சார். எனக்கும் அத்தைக்கும் ஆகாது, ஊருக்கே தெரியும், அதான் நான் வேணும்னே அனுப்பாம விட்டுட்டு டிக்கு வந்துச்சுன்னு பொய் சொல்லுதேனாம். எங்கம்மா வீட்டுல கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாவ. பத்து நாளாச்சு." பின்னால் ஒரு ஆடு கத்தியது. "இடம் வேண்டாம் சார். அது போனாப் போவுது. அவுக நம்பர் தாரேன். நான் அனுப்பினது நெசம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது போதும்." பார்த்துட்டுச் சொல்றேம்மா என்றான் இவன். அதைச் சொல்லும்போதே பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரியும். சுடலைமணி என்று அவள் புருஷன் பெயரும் அதன் பக்கத்தில் பத்து எண்களும் இவன் கையெழுத்தில், சோற்றுக்கை படாமல் இடதுகையால் எழுதியதால் கோணலாக, காலண்டர் ஓரத்தில் இருக்கின்றன.

முந்தியெல்லாம் இப்படியா இருந்தது? பட்டனை அமுக்கினால் பக்கம் முழுக்க வெள்ளையாகிப் போகும், மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், எல்லாம் அழிந்ததா போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் ஃபாரம் எழுதுகிறவன் இரண்டாம் தடவை அமுக்குவான், மூன்றாம் தடவை அமுக்குவான், ஒரே ஆள் பெயரில் ஐந்து விண்ணப்பம் வந்து நிற்கும். அதற்குத்தானே இந்த வித்தை வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் நாலு வரி எழுதினால் பக்கம் அசையாது, எழுதியவன் எழுதின இடத்திலேயே இருப்பான், விண்ணப்பம் மட்டும் அவனுக்குத் தெரியாமல் பின்னால் புறப்பட்டுப் போய் சர்வரின் பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிடும். முதன்முதலில் அதை எழுதிப் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறது. திரை அசையாமல் ஒரு பெயர் மட்டும் போய்ச் சேர்ந்ததைக் கண்டு நாற்காலியை விட்டு எழுந்து நின்றான், சந்தோஷத்தில். போனது திரும்பி வந்து 'சரி' என்றால் பச்சை டிக், 'தவறு' என்றால் சிவப்பு, போகவே முடியாவிட்டால் அதற்கென்று தனியாக ஒரு இடம், அதில் என்ன செய்ய என்று எழுத வேண்டும். இந்த ஃபாரத்தையும் முதலில் அப்படி ஒழுங்காகத்தான் எழுதினான். சத்தியமாக. பதில் வரும்வரை ஒரு சக்கரம் சுற்றும், பதில் வந்ததும் டிக்கும் பதிவு எண்ணும் வரும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறக்கட்டளைச் செயலாளர் தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, என்னங்க இது சுத்திக்கிட்டே இருக்கு, கிராமத்து ஜனங்க பயந்துருவாங்களே, அமுக்கினா டக்குனு வரணும் என்றார். டக்குனுதானே, டக்குனு வர வைத்தான். பச்சை டிக் போடும் வரியைப் பதிலுக்குக் கீழே இருந்து தூக்கிப் பதிலுக்கு மேலே வைத்தான். அவ்வளவுதான். பட்டனை அமுக்கிய நொடியே டிக், விண்ணப்பம் பின்னால் ஆடி அசைந்து போகட்டும். பதிவு எண் சர்வர் தர வேண்டியது, பதில் வருமுன் அதைக் காட்ட முடியாது, ஆகையால் அதையும் எடுத்துவிட்டான். போகவே முடியாவிட்டால் என்ற இடத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தான், பிறகு பார்க்க வேண்டும் என்று. செயலாளர் மறுபடி அமுக்கிப் பார்த்துவிட்டு பிரமாதம் என்றார். திங்கட்கிழமை வேறு வேலை வந்துவிட்டது. பிறகு எங்கே பார்த்தான்? இவன் மட்டுமா, இந்தத் தொழிலில் இருக்கிற ஒவ்வொருத்தன் புரோகிராம் கோடிலும் பிறகு பார்க்கலாம் என்று பத்து இடமாவது இருக்கும், திறந்து பார்த்தால் தெரியும். இருக்கட்டும். மற்றவன் கோடில் இருப்பதைச் சொல்லி இவன் கோடில் இருப்பது அழிந்துவிடுமா.

சந்தேகம் வேண்டாம் என்று ஒரு தடவை செய்து பார்த்துவிட்டான். ஒன்றரை மணிக்கு மாடிப்படியின் திருப்பத்தில், கீழே மருந்துக்கடையிலிருந்து டெட்டால் வாசம் ஏறி வரும் இடத்தில், சுவரில் சாய்ந்து நின்று போனைத் திறந்து, தொடர்பு எல்லாவற்றையும் அணைத்து, விமானத்தில் போகிறவர்கள் போடுவார்களே அந்த ஏற்பாட்டில் வைத்து, முன்பே திறந்திருந்த ஃபாரத்தில் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேச்சியம்மாள் என்றே எழுதி, வயது அறுபத்தொன்று என்று தோராயமாகப் போட்டு அமுக்கினான். போனில் சிக்னலே கிடையாது. ஒரு எழுத்துகூட அந்தப் போனை விட்டு வெளியே போக வழி கிடையாது. பச்சை டிக் வந்தது. உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது, நன்றி. எவ்வளவு அழகான பச்சை. இலைப்பச்சையும் இல்லாமல் கிளிப்பச்சையும் இல்லாமல் இரண்டு மணி நேரம் மெனக்கெட்டுத் தேர்ந்தெடுத்த பச்சை, டிக் தானே தன்னை வரைந்துகொள்கிற மாதிரி ஒரு சின்ன அசைவு வேறு, அதைப் பார்த்து அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மலையடிவாரத்தில், சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகிற வீட்டில், ஆகாத மாமியாருக்காக உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்திருக்கிறாள், மங்கலாக விழுந்தால் மறுபடி எடுத்திருப்பாள். டிக்கைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு உலை வைக்கப் போயிருப்பாள். இவனுடைய மனைவி பகவதி சொல்வாள், நான் சொல்லி முடிக்குமுன்னே சரி சரின்னுருவிய, என்ன சொன்னேன் சொல்லுங்க பாப்போம் என்று. அப்போதெல்லாம் சிரித்துக்கொள்வான். படியில் நின்று சிரிப்பு வரவில்லை, மேலே வந்தான்.

மணி இரண்டு முப்பத்தைந்து. அனுப்பிவிடலாம். அனுப்பினால் என்ன? பொய் இல்லையே. சர்வரில் இல்லை என்றுதானே சொல்கிறோம், அவள் அனுப்பவில்லை என்றா சொல்கிறோம்? ஆனால் செயலாளர் அப்படித்தான் படிப்பார், படித்துவிட்டு அந்தச் சுடலைமணியிடம் அப்படித்தான் சொல்வார், சுடலைமணி ஊரில் அப்படித்தான் சொல்வான், கம்பெனிக்காரனே எழுத்துப்பூர்வமாக் குடுத்துட்டான் என்று. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே அவள் உடைக்கவே இல்லை, உடைத்தவன் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறான். அவள் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கலாம். ஆமாம், எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் காட்டியிருப்பாள், புருஷன் நம்பியிருப்பான், இவனுக்குப் போன் வந்திருக்காது. இவனே எத்தனை ஃபாரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறான்? டிக் வந்தால் வந்துவிட்டது என்றுதான் நம்புவான், டிக் எதற்கு இருக்கிறது பிறகு. செயலாளர் டக்குனு வரணும் என்று கேட்டிருக்கக் கூடாது. சிக்னல் கம்பெனிக்காரன் மலைப்பக்கம் இன்னொரு கோபுரம் போட்டிருக்க வேண்டும். வின்சென்ட் சார் புரோகிராமைச் சரிபார்க்க இன்னொரு ஆளை வைத்திருக்க வேண்டும். எல்லாரும் வரிசையாக வந்து நின்றுவிட்டுப் போனார்கள், கடைசியில் அந்த வரியைக் கத்தரித்து மேலே ஒட்டியது எந்தக் கை என்ற கேள்வி மட்டும் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டது.

அப்பா விசில் ஊதுவதும் அப்படித்தான். அப்பா கண்டக்டர். அம்பாசமுத்திரம் வழித்தடத்தில் பதினேழு வருஷம். டிரைவர் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார், விசிலைத்தான் நம்புவார், இரண்டு விசில் என்றால் எல்லாரும் ஏறியாயிற்று, எடுக்கலாம் என்று அர்த்தம். நேரம் பிந்தினால் அப்பா கடைசி ஆள் படியில் கால் வைக்கும்போதே ஊதிவிடுவார், ஏறிவிடுவார்கள் என்று கணக்கு, எப்போதும் ஏறிவிடத்தான் செய்தார்கள். இவனுக்குப் பத்து வயது, பள்ளிக்கூட விடுமுறை, பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். கல்லிடைக்குறிச்சியில் ஒரு அம்மாள் கத்திரிக்காய் மூட்டையோடு ஒரு காலைப் படியில் வைத்தாள், அப்பா ஊதினார், வண்டி எடுத்தது. கத்திரிக்காய்கள் ரோட்டில் ஓடியதுதான் முதலில் தெரிந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. விசாரணையில் அப்பா ஓடுகிற வண்டியில் ஏறினாங்க ஐயா என்றார். இவனை யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை சொல்ல வேண்டியதில்லை என்று பத்து வயசுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள். அப்பாவும் இவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, விசாரணை நடந்த ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் எதிர்க்கடையில் ஒரு கலர் சோடா வாங்கிக் கையில் கொடுத்தார், ஆரஞ்சு நிறம், மூக்கில் ஏறியது, முழுக்கக் குடித்தான். அந்த அம்மாள் பெயரைக்கூட இவன் கேட்டுக்கொண்டதில்லை. அப்பா போய் ஆறு வருஷமாகிறது. நல்ல மனுஷன், யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், சில்லறை இல்லாதவர்களை இறக்கிவிட்டதே கிடையாது. நல்ல மனுஷன்தான். அப்பா பேரில் கோபம் வருகிறதா, பாவமாக இருக்கிறதா என்று பார்த்தான், இரண்டும் இல்லை, பயமாக இருந்தது.

பயம் எதற்கு என்று கேட்டால் அதற்கும் ஒரு வரிசை உண்டு. வேலை போகும் என்ற பயம், நாலு பேர் உள்ள ஆபீஸ், இந்த அறக்கட்டளை வேலை போனால் இன்னும் இரண்டு இடம் கூடவே போகும் என்ற பயம், இவனை நம்பி உட்கார்ந்திருக்கிற மற்ற மூன்று பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். ஆனால் அதற்கெல்லாம் அடியில் வேறொன்று கிடந்தது, அதைத் தொடப் போய்த் தொடப் போய் மனசு கையை இழுத்துக்கொண்டது. இன்னும் எத்தனை பேர்? ஃபாரம் இருபத்தோரு நாள் திறந்திருந்தது. வந்து சேர்ந்தவை நூற்று முப்பத்தெட்டு, அதில் முப்பத்திரண்டு பேருக்கு இடம். வந்து சேராதவை எத்தனை? பூஜ்யமாக இருக்கலாம், ஒன்றாக இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். அதற்கு எங்கேயும் பட்டியல் கிடையாது. மலையடிவாரத்தில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் டிக்கைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனை வைத்தார்களோ. பட்டியலில் பெயர் வராதபோது நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று அத்தோடு விட்டிருப்பார்கள். ஏழைபாழைகள் எதற்குத்தான் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள், கிடைக்காதது கிடைக்கவில்லை என்று போய்விடுவார்கள். சந்தனமாரி கூப்பிட்டதே, அவளுக்கு வீடு போய்விட்டதால்தான். இல்லாவிட்டால் அவளும் கூப்பிட்டிருக்க மாட்டாள், இவனும் மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்கிறார்கள். இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கனவே யார் கண்ணுக்கும் தெரியாமல்தான் கிடக்கிறது, இவன் சும்மா இருந்தால் போதும்.

வின்சென்ட் சார் மூன்று மணிக்கு வந்தார், வெற்றிலை போட்ட வாயோடு, கையில் இவனுக்கும் ஒரு காகிதப் பொட்டலத்தில் முந்திரிக்கொத்து. கெட்ட மனுஷர் இல்லை. இவன் கல்யாணத்துக்கு ஆபீஸைப் பூட்டிவிட்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தவர். "அனுப்பிட்டியா?" "இன்னும் இல்ல சார்." திரையைக் குனிந்து படித்தார். "சரியாத்தான எழுதியிருக்க, பெறவு என்ன? அந்தப் பொம்பளை அழுதாளாக்கும். நீ எளகுன மனசுக்காரன், அதான். இது எப்பவும் உள்ளதுதான் நாயகம், அனுப்ப மறந்துட்டு அனுப்பினேன் அனுப்பினேன்னு ஒத்தக்கால்ல நிப்பாங்க." சொல்லிவிட்டுத் திரும்பினார். இவன் ஒன்றும் தீர்மானிக்கவில்லை, தீர்மானித்ததாகப் பிற்பாடு யோசித்தபோதும் ஞாபகம் இல்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது. "அனுப்பியிருக்காங்க சார்." "எங்க இருக்கு?" "வரல. ஆனா அனுப்பியிருக்காங்க." பிறகு சொன்னான். டிக்கை மேலே தூக்கி வைத்ததை, பிறகு பார்க்கலாம் என்று எழுதியதை, படியில் நின்று செய்து பார்த்ததை. வின்சென்ட் சார் முந்திரிக்கொத்தை மேசையில் வைத்தார். "எவம்ல அங்க கொண்டு டிக்கைப் போட்டது?" "நான்தான் சார்." "பதில் வருமுன்னேயேவா?" "ஆமா சார்." ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டித் துப்பிவிட்டு வந்தார். வந்தபோது குரல் தணிந்திருந்தது. "சரி. யானைக்கும் அடி சறுக்கும். ஒண்ணு செய். புரோகிராமைச் சத்தமில்லாம சரி பண்ணி ஏத்திரு. அந்தப் பிள்ளைகிட்ட போன்ல என்னமும் சொல்லிச் சமாதானம் பண்ணு. மெயில்ல மட்டும் எழுதாத. எழுத்துல குடுத்தா நம்ம கதை முடிஞ்சிது." இவன் தலையசைக்கப் பார்த்தான், ஆசையாகத்தான் இருந்தது, அந்த ஆசையைப் பொய் சொல்லி மறைப்பானேன். "அவங்க ஒருத்தரு இல்ல சார். எத்தனை பேருன்னு நமக்குத் தெரியாது. அறக்கட்டளை திரும்ப அறிவிச்சாத்தான் மத்தவங்க வருவாங்க. நம்ம எழுதாம அவங்க எப்படி அறிவிப்பாங்க?" வின்சென்ட் சார் அவனையே பார்த்தார். கத்துவார் என்று இவன் நினைத்தான். "எம் பேரைப் போடாத" என்றார், பிறகு, "வேண்டாம், போடு, கம்பெனி என்னுது" என்றார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய சத்தம் பெரிதாக இல்லை.

ஒரு வரிக் கடிதம் பதினோரு வரியாயிற்று. கோளாறு எங்கள் பக்கத்தில், தேதி இன்னது முதல் இன்னது வரை, போய்ச் சேராத விண்ணப்பத்துக்கும் சேர்ந்துவிட்டதாகக் காட்டியது, எத்தனை பேர் என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை, மீண்டும் அறிவிப்புச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம், திருமதி சந்தனமாரி சொல்வது உண்மை. அந்தக் கடைசி வரியை முதல் வரிக்குக் கொண்டு போனான். அனுப்பினான். பட்டனுக்குக் கீழே அனுப்பப்பட்டது என்று வந்தது. அதை நம்பாமல், போனவை என்ற பெட்டியைத் திறந்து பார்த்தான், அதுவும் போதாமல் செயலாளருக்குப் போன் போட்டு வந்திருக்கிறதா சார் என்று கேட்டான். வந்திருக்கு, படிச்சுக்கிட்டு இருக்கேன் என்றார். பிறகு காலண்டர் ஓரத்துக் கோணல் எண்களைப் பார்த்து அடித்தான். சுடலைமணி மண்வெட்டும் வண்டி ஓட்டுகிறவன் போலிருக்கிறது, எஞ்சின் உறுமியது, யாரு, யாரு என்று கத்தினான், பிறகு எஞ்சினை நிறுத்தினான். இவன் ஒரே மூச்சில் சொன்னான். ஃபாரம் எழுதினது நான். தப்பு என்னுது. உங்க வீட்டம்மா சரியாத்தான் அனுப்பியிருக்காங்க, டிக் வந்ததும் உண்மை, அது பொய் டிக்கு, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. "நீங்க கம்பெனியா சார்?" "ஆமா." "மெய்யாவா?" "எழுத்துலயே அனுப்பியிருக்கேன், அறக்கட்டளையில கேட்டுப் பாருங்க." "அது என்னத்துக்கு சார், நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றான். அவ்வளவு சுலபமாக. "எங்கம்மைக்கு எடம் கெடைக்குமா சார்?" "திரும்ப அறிவிப்பாங்கன்னு நினைக்கேன். முடிஞ்சதைச் செய்யுதேன்." "நான் இப்பவே போய் அவளைக் கூட்டிட்டு வந்துருதேன் சார்" என்று எஞ்சினை முடுக்கினான்.

மணி நாலு ஆகப் போகிறது. நெஞ்சில் ஒரு நிம்மதி, அதை உணர்ந்ததும் அதன் பேரிலேயே ஒரு சந்தேகம், நீ என்ன பெரிய தியாகம் பண்ணிவிட்டாயா என்று. இருந்தாலும் சந்தனமாரியிடம் சொல்ல வேண்டும், அழுவாள், நன்றி சொல்வாள், அதெல்லாம் வேண்டாம்மா என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள். "சொல்லிட்டேம்மா. நீங்க அனுப்பினது உண்மைன்னு சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான், நான் எழுதினதுல உள்ள கோளாறு. மன்னிச்சிருங்க." "அவுக என்ன சொன்னாவ சார்?" "உடனே நம்பிட்டாரு. இப்பவே வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாரு." அழவில்லை. நன்றியும் சொல்லவில்லை. "உடனேவா சார்?" என்றாள். "ஆமாம்மா, ஒரு நிமிஷம்கூட ஆகல. ஆதாரம்கூடக் கேக்கல." "உங்களைப் பாத்திருக்காவளா அவுக? முன்னப்பின்ன பழக்கமா?" "இல்லம்மா." "ஒம்பது வருசமா அவுக கூட இருக்கேன் சார்" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை, எதையோ கூட்டிப் பார்த்து விடை வராதவள் மாதிரி இருந்தது. "ரெண்டு பிள்ளை பெத்தேன். கோயில்ல சூடத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணினேன், நான் அனுப்பினேன்னு. அதே வார்த்தைதான சார் நீங்களும் சொல்லியிருப்பிய?"